கழுவியதும் 10 சென்டிமீட்டர் அகன்ற ஸ்வெட்டர்: மாதிரித் துண்டு பின்னியும் ஏமாந்தேன்

கம்பளிக்காரி (கோயம்புத்தூர்)

பாதி கேள்வி, பாதி புலம்பல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். சென்ற முறை வந்தபோது அவள் 50 கிராம் கண்டுகளாகப் பத்து மெரினோ கம்பளி நூல் கொண்டுவந்திருந்தாள். சாம்பல் கலந்த நீலம். தொட்டால் பூனைக்குட்டியைத் தொட்டது போல இருக்கும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்ற அடையாளமும் உறையில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அதில் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தேன்.

குறிப்பில் 4 மி.மீ. ஊசி, கேஜ் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி. மார்புச் சுற்று 100 செ.மீ. வர 220 கண்ணி. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கவில்லை. இரண்டு ஊசியில், போகும்போது நிட் (நேர்க் கண்ணி), திரும்பும்போது பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று சின்னதாக ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்தேன். 5 செ.மீ.க்கு 11 கண்ணி. பத்துக்கு 22. கணக்கு சரி என்று, சுற்றிச் சுற்றிக் குழாய் போலப் பின்னும் வட்ட ஊசியில் 220 கண்ணி ஏற்றிவிட்டேன்.

ஏழு வாரம் பின்னினேன். முடித்ததும் போட்டுப் பார்த்தார், அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அதன்பின் முறைப்படி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் விரித்தேன். காய்ந்ததும் அளந்தால் 110 செ.மீ. கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்குகின்றன. "இன்னொருவரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறதே" என்றார். சிரிக்கத்தான் முடியவில்லை.

மாதிரித் துண்டு பின்னியும் இந்தக் கதி என்றால் அதை ஏன் பின்ன வேண்டும்?

---

அரைக்கண்ணி (லண்டன்)

அக்கா, துண்டு பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லியிருக்கிறது. கழுவாத, தட்டையாகப் பின்னிய 5 செ.மீ. துணியில் எத்தனை கண்ணி என்று கேட்டீர்கள். 11 என்றது. உங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததோ கழுவிய, வட்டமாகப் பின்னிய துணியில் எத்தனை என்பது.

முதலில் அளவு. 5 செ.மீ.க்குள் கால் கண்ணி கூடக்குறைய எண்ணுவது மிக எளிது. 11 என்று நீங்கள் எண்ணியது உண்மையில் 10.75 ஆக இருந்திருந்தால் பத்துக்கு 21.5. அப்போது 220 கண்ணி 102 செ.மீ.க்கு மேல் போய்விடும். கால் கண்ணிக்கு இரண்டு செ.மீ. தண்டம். அதனால்தான் 15 செ.மீ. துண்டு பின்னி, நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் அளக்கச் சொல்கிறார்கள். ஓரத்துக் கண்ணிகள் எப்போதும் ஒழுங்காக இருக்காது. அரைக் கண்ணி வந்தால் அரை என்றே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயருக்குக் காரணமே அதுதான்.

அடுத்தது, வட்டம். வட்டமாகப் பின்னும்போது எல்லா வரியும் நிட். தட்டையாகப் பின்னும்போது ஒரு வரி விட்டு ஒரு வரி பர்ல். பெரும்பாலானவர்களுக்குப் பர்ல் வரியில் கை கொஞ்சம் தளரும்; சிலருக்கு இறுகும். எப்படியானாலும் இரண்டும் ஒரே துணி அல்ல. வட்ட ஊசியிலேயே சிறு துண்டு பின்ன வழி உண்டு: ஒரு வரி நிட் முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளுங்கள், நூலைப் பின்னால் தளர்வாக நீட்டிக் கொண்டுவந்து, மறுபடி வலப்பக்கத்திலிருந்தே நிட் பின்னுங்கள். பின்பக்கம் ஏணி போல நூல் தொங்கும். தொங்கட்டும், முடித்ததும் வெட்டிவிடலாம்.

கழுவாததுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. அதிலும் உங்கள் நூலுக்கு. இயந்திரத்தில் துவைக்கக்கூடிய கம்பளி என்பது, இழையின் மேல் இருக்கும் செதில்களைக் குளோரினால் தேய்த்துவிட்டோ, மேலே மெல்லிய பூச்சு கொடுத்தோ வழுவழுப்பாக்கியது. செதில் இருந்தால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சிக்கித் திரளும். அதுதான் கம்பளி சுருங்குவது. செதில் போய்விட்டால் சுருங்காது, ஆனால் பிடிமானமும் போய்விடும். நனைந்தவுடன் கண்ணிகள் சறுக்கி விரிந்துகொள்ளும். உங்கள் 110 அங்கிருந்து வந்ததுதான்.

---

குன்னூர்ப் பாட்டி (குன்னூர்)

எனக்கு வயது 71. பன்னிரண்டு வயதிலிருந்து பின்னுகிறேன். மூன்று பிள்ளைகள், ஏழு பேரக்குழந்தைகள், அக்கம்பக்கத்தார் என்று எத்தனை ஸ்வெட்டர் போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளும் மாதிரித் துண்டு பின்னியதில்லை. நூலின் பருமன் 4 ப்ளை என்றால் 10-ஆம் எண் ஊசி, 8 ப்ளை என்றால் 8-ஆம் எண் ஊசி. ஆளைப் பார்த்தால் எத்தனை கண்ணி என்று தெரியும்.

இங்கே தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கோடு போடுவதில்லை, வரைந்துகொள்வதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணி, பின்பக்கமிருந்தே தைக்கிறார்கள். எந்த மாதிரித் துண்டு பார்த்துத் தைத்தார்கள்? கை பழகினால் போதும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கால்குலேட்டர் இல்லாமல் கண்ணி ஏற்ற முடியவில்லை.

---

அரைக்கண்ணி

பாட்டி, வணக்கம். உங்கள் கைக்கு முன்னால் நான் சிறுவன். ஆனாலும் தோடர் வேலையை இங்கே சான்றாகக் கொண்டுவருவது பொருந்தவில்லை. அவர்கள் தைக்கும் துணியை நெசவாளர் ஏற்கெனவே நெய்து முடித்துவிட்டார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது ஊசி தொடுவதற்கு முன்பே நிலைத்துவிட்டது; அதைத்தான் எண்ணுகிறார்கள். பின்னலில் துணியே நம் கையில்தான் பிறக்கிறது. எண்ணுவதற்கு முன்கூட்டியே எதுவும் இல்லை. கொஞ்சம் பின்னிய பிறகுதான் எண்ண முடியும். அந்தக் கொஞ்சத்துக்குப் பெயர்தான் மாதிரித் துண்டு.

இன்னொன்றும் கேட்கிறேன். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நீங்கள் வாங்கியது ஒரே வகை நூல்தானே?

---

குன்னூர்ப் பாட்டி

கீழ் பஜாரில் ஒரே கடை. அவர் கொண்டுவரும் இரண்டு வகை. ஆமாம்.

ஆனால் நீ நினைப்பது போல நான் கண்மூடித்தனமாகவும் பின்னுவதில்லை. எப்போதும் கையைத்தான் முதலில் பின்னுவேன். முழங்கை வரை வந்ததும் ஆளைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்ப்பேன். பிடித்தால் மேலே போவேன், இல்லையென்றால் பிரிப்பேன். பிரிப்பதற்கு அழுததில்லை.

---

அரைக்கண்ணி

பாட்டி, அந்தக் கைதான் உங்கள் மாதிரித் துண்டு! பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பின்னல் ஆசிரியர் எலிசபெத் சிம்மர்மனும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொடுத்தார். சதுரத் துண்டு பின்ன அலுப்பாக இருந்தால் ஒரு தொப்பி பின்னி அதில் அளந்துகொள் என்றார். வட்டமாகவும் பின்னியாயிற்று, அளவும் கிடைத்தது, தலைக்கும் ஆயிற்று.

---

புதிய ஊசி (மதுரை)

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். பாட்டி சொன்ன 8-ஆம் எண் ஊசி 5 மி.மீ. தானே? நான் ஓர் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து 5 மி.மீ. வாங்கினேன், அதில் 8 என்றே அச்சிட்டிருந்தது.

---

குன்னூர்ப் பாட்டி

இல்லை கண்ணு. என் 8 என்பது 4 மி.மீ. பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். என் 10-ஆம் எண் 3.25 மி.மீ. அமெரிக்காவில் தலைகீழ், எண் கூடினால் ஊசி பருக்கும். எண்ணை நம்பாதே, மில்லிமீட்டரைப் பார்.

---

அரைக்கண்ணி

இதே வலை குரோஷாவிலும் உண்டு. பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷா என்பதும் அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷா என்பதும் ஒன்றே. எந்த நாட்டுக் குறிப்பு என்று தெரியாமல் தொடங்கினால் உயரம் இரட்டிப்பாக வந்து நிற்கும். நாலு வரி போட்டுப் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும்.

---

புதிய ஊசி

சரி, துண்டு பின்னுகிறேன். ஆனால் 15 செ.மீ. சதுரம், அதைக் கழுவி, காயவைத்து... ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, விரலகலம் போதாதா?

---

தறிச்சத்தம் (திருப்பூர்)

அந்த ஒரு சோறு அதே உலையில் வெந்த சோறு, தங்கச்சி. ஊறவைத்த அரிசியை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சாதம் பதமாயிற்று என்று யாரும் இறக்குவதில்லை.

பின்னலாடை நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கையால் பின்னத் தெரியாது. ஆனால் நீங்கள் மாதிரித் துண்டு என்று எதைச் சொல்கிறீர்களோ, அதுதான் எனக்குச் சம்பளம் தருகிறது. எங்கள் ஊரில் கேஜ் என்றால் வேறு: வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது. 24 கேஜ் என்றால் 24 ஊசி. நீங்கள் அந்தச் சொல்லைத் துணியின் கண்ணிக்குச் சொல்கிறீர்கள். முதல் இரண்டு பதிவு எனக்குப் புரியவே இல்லை, பிறகுதான் பிடிபட்டது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி வந்ததும் அழியாத பேனாவால் அதில் ஒரு சதுரம் குறிப்போம். பக்கத்துக்கு 35 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, வாங்கும் ஆள் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அதே வெப்பம், அதே சோப்பு, அதே உலர்த்தும் முறை. அதன்பின் மறுபடி அளப்போம். 35 என்பது 33.6 ஆகியிருந்தால் சுருக்கம் 4 சதவீதம். நீளத்துக்குத் தனியாக, அகலத்துக்குத் தனியாகக் கணக்கு. இரண்டும் ஒன்றாக வந்து நான் பார்த்ததே குறைவு. பருத்திப் பின்னல் துணி பெரும்பாலும் நீளத்தில் குறையும், அகலத்தில் சில நேரம் கூடவும் செய்யும். நாங்கள் வாங்கும் ஆர்டர்களில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் துணி திரும்பிவிடும்.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் துண்டைக் கழுவும் முன் அளந்த அளவு, கழுவிய பின் அளந்த அளவு இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னிக்கொண்டிருக்கும்போது உங்கள் கையில் இருப்பது கழுவாத துணிதான். அது குறிப்பில் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தால் பயந்துபோய் ஊசியை மாற்றிவிடாதீர்கள். கழுவாத அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாகத்தான் போகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு உபாயம். எங்களிடம் ஜிஎஸ்எம் கட்டர் என்று ஒன்று உண்டு. துணியின் மேல் வைத்துத் திருகினால் வட்டமாக, சரியாக 100 சதுர செ.மீ. வெட்டித் தரும். அந்த வட்டத்தை நிறுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் எடை. 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். நீங்கள் வெட்ட வேண்டாம். உங்கள் 15 செ.மீ. சதுரம் 225 சதுர செ.மீ. அதை நகைத் தராசில் வையுங்கள். 9 கிராம் இருந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.04 கிராம். ஸ்வெட்டரின் உடம்பு 100 செ.மீ. சுற்று, 65 செ.மீ. நீளம்: 6,500. கை ஒன்று சராசரி 32 செ.மீ. சுற்று, 45 செ.மீ. நீளம்: 1,440, இரண்டுக்கு 2,880. மொத்தம் 9,380 சதுர செ.மீ. 0.04 ஆல் பெருக்கினால் 375 கிராம். கழுத்துப் பட்டி, ஓரப் பட்டி, சேதாரம் சேர்த்து 450 வாங்கினால் கடைசிக் கைக்கு நூல் போதாமல் திண்டாட வேண்டாம். டொராண்டோவுக்குப் போன் போட்டு அதே சாயத் தொகுதியில் இன்னொரு கண்டு கேட்பது எவ்வளவு கஷ்டம்!

---

கம்பளிக்காரி

தம்பி, அந்தக் கஷ்டம் ஏற்கெனவே பட்டாகிவிட்டது. அதை நினைவுபடுத்தாதீர்கள்.

---

நீலக்கல் (சென்னை)

நூல் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது, நீர்வண்ணக்காரி. ஆனால் தறிச்சத்தம் ஐயா சொன்ன "அதே உலை" என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பல ஆண்டுகளாக வண்ணப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு கட்டம், கீழே பெயர், அழகான கையெழுத்து. வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவேன். ஒரு முறை திருமணப் பரிசுக்காகத் தெப்பக்குளம் ஒன்றை வரைந்தேன். பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் தாள், நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிப் பீரோவில் வைத்திருந்தது. முதல் தீட்டலிலேயே வண்ணம் மை ஒற்றும் தாளில் விழுந்தது போல உள்ளே இறங்கிவிட்டது. தாளில் பசைப்பூச்சு இருக்கும். வண்ணத்தை மேலேயே நிறுத்திவைப்பது அதுதான். சென்னைப் புழுக்கத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பூச்சு அழிந்துபோகும். என் பட்டியலோ வேறு தாளில் இருந்தது. இப்போது புதிதோ பழையதோ, எந்தத் தாளானாலும் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி, நனைத்து, ஒரு நீலத்தை ஓட்டிப் பார்க்காமல் தொடங்குவதில்லை.

காய்வது இன்னொரு பாடம். நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக் காய்ந்தால் கறுக்கும். அதில் கலந்திருக்கும் பசை ஈரத்தில் பால் போல வெண்மையாக இருந்து, காய்ந்ததும் தெளிந்துவிடுகிறது. ஈரக் கட்டத்தைப் பார்த்து நிறம் கலப்பவர் இரண்டிலுமே ஏமாறுவார்.

ஆனால் என்னை உண்மையிலேயே அடித்தது வெயில்தான். அலிசாரின் கிரிம்சன் என்றொரு சிவப்பு உண்டு, குப்பியில் பிஆர்83 என்று நிறமி எண் இருக்கும். அவ்வளவு அழகு. அந்தச் சிவப்பில் வரைந்த செம்பருத்தி மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டு ஆண்டு இருந்து, நோயாளியின் உதடு போல ஆகிவிட்டது. வான்கோ 1888-இல் வரைந்த படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் கடிதத்தில் எழுதியதோ வெளிர் ஊதா. ஊதாவில் இருந்த சிவப்பு வெளிச்சத்தில் போய்விட்டது, நீலம் மட்டும் மிஞ்சியது.

அன்றிலிருந்து எந்தப் புது வண்ணம் வாங்கினாலும் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டிவிடுவேன். மூன்று மாதம். அட்டையை எடுத்தால் நடுவில் கோடு தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தக் குப்பி குறிப்பேட்டுக்கு மட்டும், விற்கும் படத்துக்கு இல்லை. பார்ப்பவர்கள் ஜன்னலில் என்ன அழுக்கு என்று கேட்கிறார்கள்.

---

தறிச்சத்தம்

அம்மா, நீங்கள் செய்வது எங்கள் வேலையேதான். சாயத்துக்கு முன் லேப் டிப் என்று வரும். ஒரே நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று சிறு துண்டு, சின்னக் குவளையில் சாயம் காய்ச்சி எடுப்போம். வாங்குபவர் ஒன்றில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டன் கணக்கில் துணி சாயத்துக்குப் போகும். அதையும் வெறும் கண்ணால் பார்ப்பதில்லை. விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஒரு முறை பகல் வெளிச்சத்தில், ஒரு முறை கடை விளக்கில். பகலில் ஒன்றாக இருக்கும் இரண்டு துண்டு கடை விளக்கில் அண்ணன் தம்பி போலக்கூட இருக்காது. மெட்டாமெரிசம் என்பார்கள். இரண்டு நிறக் கம்பளி சேர்த்துப் பின்னுகிறவர்கள் துண்டை ஜன்னலருகே ஒரு முறை, இரவில் குழல் விளக்கின் கீழ் ஒரு முறை பாருங்கள்.

---

மணிகோத்தவள் (சேலம்)

ஆரி வேலைக்காரர்களுக்கு ஒரு வரி: மணிகளை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வெள்ளைத் துணியில் தேயுங்கள். பூச்சு உதிர்ந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். முகூர்த்த ஜாக்கெட்டில் வியர்வை பட்டபின் தெரிந்து பயனில்லை.

---

இம்பூறல் (கும்பகோணம் அருகே)

என் பெயரைப் பார்த்தவர்கள் ஊகித்திருப்பார்கள். இம்பூறல் என்றால் சாயவேர். கலம்காரித் துணிக்கு இயற்கைச் சாயம் போடுகிறோம்.

நீங்கள் எல்லோரும் வண்ணத்தைக் கண்ணால் பார்த்துத் தீட்டுகிறீர்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத்தான் எழுதுகோலால் தீட்டுகிறோம். அதற்கு நிறமே இல்லை. தீட்டிய இடம் தெரிவதற்காகக் கொஞ்சம் நிறம் கலந்துகொள்வது உண்டு. துணியைச் சாயவேரோடு கொதிக்கவைத்தால்தான் சிவப்பு எழும், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும். கறுப்பு அப்படியில்லை. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் வாரக்கணக்கில் ஊறிய கரைசல் அது. கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டவுடன் கண்ணெதிரே கறுக்கும். கடுக்காய் ஏற்றாத துணியில் அதையே தீட்டினால் வெறும் துருக்கறை.

ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு சாண் துணியை வெட்டி, பெரிய துணியோடு சேர்த்தே கடுக்காய்ப் பாலில் நனைத்து, அதில் மூன்று செறிவில் படிகாரம் தீட்டி, சின்னப் பாத்திரத்தில் முதலில் கொதிக்கவைத்து விடுவோம். நேற்று ஆற்றுத் தண்ணீர், இன்று போர்த் தண்ணீர் என்றாலே நிறம் மாறும். போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பு மங்கி, மண்ணடித்தது போல ஆகும். அந்தச் சாண் துணி சொல்லும் வரை பெரிய துணியைத் தொடமாட்டோம்.

என் மாமியார் ஒரு சாண் வீண் என்று முணுமுணுப்பார். பதினாறு முழத் துணியைக் கெடுத்த கதையை என் மாமனார் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கெடுத்தது மாமியார்தான் என்பது வீட்டு ரகசியம்.

---

குன்னூர்ப் பாட்டி

அதிரச மாவை முழுக்க உருட்டி வைப்பதற்கு முன் ஒன்றை எண்ணெயில் போட்டுப் பார்ப்போமே, அது மாதிரி. பிரிந்து ஓடினால் மாவைத் திருத்தலாம், வெந்ததைத் திருத்த முடியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடையில் உல்லன் என்று விற்பதில் பாதிக்கு மேல் அக்ரிலிக். அதைக் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. அதற்கும் துண்டு பின்னிக் கழுவு, காயவை என்று பிள்ளைகளை அலையவிடாதீர்கள்.

---

அரைக்கண்ணி

பாட்டி சொல்வதில் பாதி சரி. அக்ரிலிக் தண்ணீருக்கு அசையாது. சூட்டுக்கு அசையும். பின்னல் சுருண்டுகொள்கிறதே என்று யாராவது இஸ்திரிப் பெட்டியை வைத்தால் இழை உருகித் துவண்டு, துணி தொளதொளத்துவிடும். பிறகு எதுவும் செய்ய முடியாது. சால்வைக்குச் சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள், அழகாக விழும். எந்த அளவுச் சூடு என்று பார்க்க ஒரு துண்டு வேண்டும்தானே?

கம்பளிக்காரி அக்கா, ஸ்வெட்டரை என்ன செய்யப்போகிறீர்கள்?

---

கம்பளிக்காரி

பிரிக்கப்போகிறேன். ஏழு வாரம். மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். இயந்திர உலர்த்தியில் போட்டால் கொஞ்சம் இறுகும் என்கிறாள் மகள். இங்கே நமக்கு மொட்டைமாடிதான் உலர்த்தி.

---

குன்னூர்ப் பாட்டி

பிரித்த நூலை உடனே பின்னாதே அம்மா. நூடுல்ஸ் போலச் சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்து, கீழே சின்னதாக ஒரு கனம் தொங்கவிட்டு நிழலில் காயவை. சுருள் போன பிறகு அந்தத் துண்டைப் பின்னு. சுருள் நூலில் பின்னினால் அதுவும் பொய்க்கணக்குதான்.

ஆமாம், துண்டு பின்னு என்று நானே சொல்லிவிட்டேன். லண்டன்காரர் சிரிக்க வேண்டாம்.

---

கம்பளிக்காரி (மூன்று வாரம் கழித்து)

முடிவுகள். நூலைச் சிட்டம் போட்டு நனைத்துக் காயவைத்த பிறகு, வட்டப் பின்னல் போலவே திருப்பாமல் பின்னிய 15 செ.மீ. துண்டுகள், நடு 10 செ.மீ. அளவு:

4 மி.மீ. ஊசி: கழுவும் முன் 21.5 கண்ணி, கழுவிய பின் 20.
3.5 மி.மீ. ஊசி: கழுவும் முன் 23.5, கழுவிய பின் 22.

அதாவது அந்த ஏழு வாரப் பின்னலுக்கு முன்பே இந்த 21.5-ஐயும் 20-ஐயும் நான் பார்த்திருக்க முடியும். ஸ்வெட்டர் கட்டிலில் படுத்தே இருக்கப்போவதில்லை என்பதால், இரண்டாவது துண்டின் கீழ் ஓரத்தில் துணி மாட்டும் கிளிப் நான்கைப் போட்டு இரண்டு நாள் கொடியில் தொங்கவிட்டேன். நீளத்தில் ஒரு வரி அளவுகூட இறங்கவில்லை. தராசிலும் வைத்தேன்: 10 கிராம். தம்பி கணக்குப்படி 417 கிராம் வருகிறது. பட்டிகளோடு சேர்த்தாலும் இருக்கும் 500 போதும்.

நேற்று 3.5 மி.மீ. ஊசியில் 220 கண்ணி ஏற்றிவிட்டேன். கையில் இருப்பது இப்போது 94 செ.மீ.க்குத்தான் வருகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. தறிச்சத்தம் தம்பி சொன்னதை நினைத்துக்கொண்டு பின்னுகிறேன்.

நேற்று மாலை துண்டைக் காணோம் என்று தேடினால், என் வீட்டுக்காரர் அதைக் காபி டம்ளருக்கு அடியில் வைத்திருக்கிறார். வட்டமாகக் கறை.

---

தறிச்சத்தம்

கறை போயிற்றா?

---

கம்பளிக்காரி

இரண்டு முறை கழுவினேன். போய்விட்டது. மறுபடி அளந்தேன். 22.